பால் ஒத்துக்கொள்ளாத குழந்தையும் டாக்டரின் ஐந்து நிமிஷமும்

(நமது சங்கத்தின் மகளிர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஏதாவது ஆரோக்கிய விஷயமாகப் பேசுங்கள் என்று காரியதரிசி கேட்டுக்கொண்டார். நான் டாக்டர் அல்ல, ஒரு பாட்டி. ஆகையால் மருந்து எதுவும் சொல்லப் போவதில்லை. குழந்தைக்கு ஓர் ஆகாரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சந்தேகம் வந்தால், அதை டாக்டர் காது கொடுத்துக் கேட்கும்படி எப்படிச் சொல்வது என்பதை மட்டும் சொல்கிறேன்.

என் பெண் வயிற்றுப் பேத்திக்கு ஆறாம் மாதம் இங்கே மும்பையில் அன்னப்ராசனம் நடந்தது. அதுவரை தாய்ப்பால் மட்டுமே. பால் பாயசம் நாக்கில் பட்ட கால் மணி நேரத்தில் வாயைச் சுற்றிக் காணாக்கடி போல் தடித்தது. காண்பித்த டாக்டர், "வெறும் வேர்க்குரு" என்றார். பத்து நாள் கழித்து இரண்டு ஸ்பூன் தயிர் சாதம். பத்து நிமிஷத்தில் வாந்தி, உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம். வேறொரு டாக்டரிடம் ஓடினோம். எங்கள் முறை வருவதற்குள் பாதி அடங்கிவிட்டது. "பல் முளைக்கிற சமயம். முதல் குழந்தை அல்லவா, அதுதான் பயப்படுகிறீர்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

டாக்டர்களைத் திட்டிப் பயனில்லை. வாந்தியும் தடிப்பும் அவர்கள் தினமும் பார்ப்பவை. சாதாரண வைரஸ் காய்ச்சலில்கூடத் தடிப்பு வரும். நம் நாட்டில் உணவு அலர்ஜி குறைவு என்பதும் உண்மை. கர்நாடகத்தில் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்தி 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், உணவு அலர்ஜி இருக்கக்கூடியவர்கள் 0.14 சதவிகிதம்தான். ஆயிரத்தில் ஒருவர், இருவர். அந்த ஒருவர் நம் குழந்தை என்றால், அதை எடுத்துக் காட்டுகிற பொறுப்பு நம்மிடம் வந்துவிடுகிறது.

என் பெண் பாங்கில் வேலை பார்ப்பவள். ஒரு நோட்டில் கோடு போட்டாள். தேதி, கொடுத்த ஆகாரம், அதில் சேர்ந்த எல்லாச் சாமான்களும், அளவு, கொடுத்த மணி, எத்தனை நிமிஷத்தில் என்ன வந்தது, எப்போது அடங்கியது, என்ன மருந்து கொடுத்தோம். தடிப்பு அடங்குவதற்குள் மொபைலில் போட்டோ. ஒத்துக்கொண்ட சாதம், பருப்பு, வாழைப்பழம் இவற்றையும் எழுதினாள். அப்பாவுக்குச் சிறு வயதில் இருந்த இழுப்பும் அதில் ஏறியது. இத்தனையையும் ஒரே பக்கத்தில் சுருக்கி மூன்றாவது டாக்டரிடம் நீட்டினாள். "ஒத்துக்கலை" என்ற வார்த்தையே அதில் இல்லை. அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு அலர்ஜி நிபுணருக்குக் கடிதம் கொடுத்தார். தோலில் லேசாகக் குத்திப் பார்க்கும் பரிசோதனையில் பசும்பால் அலர்ஜி உறுதியாயிற்று.

இங்கே ஒரு விளக்கம். பாலில் உள்ள சர்க்கரை ஜீரணமாகாமல் வயிறு உப்புவது வேறு. பாலின் புரதத்தை உடம்பு எதிரியாக நினைத்துப் போராடுவது வேறு. இரண்டாவதுதான் அலர்ஜி. அதற்கு ஆட்டுப்பால், எருமைப்பால் மாற்று அல்ல, அவற்றின் புரதமும் பெரும்பாலும் ஒரே ஜாதிதான். நெய்யிலும் கொஞ்சம் புரதம் தங்கியிருக்கும். நம் அகங்களில் பருப்பு சாதத்திலிருந்து பிரசாதம் வரை பாலும் நெய்யும் தொடாத பண்டம் எது? "ஒரு சொட்டு என்ன செய்யும்" என்று கேட்கும் உறவினர்களுக்கும் அதே நோட்டைக் காட்டலாம்!

டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். முதலாவது, இது உடனே வருகிற வகையா, தாமதமாக வருகிற வகையா? ஒன்றிலிருந்து நான்கு மணி நேரம் கழித்து ஓயாத வாந்தி, மலத்தில் ரத்தக் கீற்று, இவை தாமத வகையாக இருக்கலாம். அதற்குத் தோல், ரத்தப் பரிசோதனைகளில் ஒன்றும் தெரியாமல் போகலாம். ரிப்போர்ட் நார்மல் என்பதோடு பேச்சு முடிந்துவிடாது. இரண்டாவது, எந்தப் பரிசோதனை, எதற்காக? ரிப்போர்ட்டில் பாஸிடிவ் என்று வந்தால் மட்டும் அலர்ஜி என்று ஆகாது. சாப்பிட்டபோது நடந்ததோடு அது பொருந்த வேண்டும். நூறு பண்டத்துக்கு ஐஜிஜி பார்க்கும் ரத்தப் பரிசோதனையை அலர்ஜி நிபுணர் சங்கங்கள் ஏற்பதில்லை. மூன்றாவது, நிறுத்தியதற்குப் பதில் என்ன, மறுபடி எப்போது கொடுத்துப் பார்ப்பது? பயந்து எல்லாவற்றையும் நிறுத்தினால் குழந்தை இளைத்துப் போகும். தள்ளிப்போடுவதும் நல்லதல்ல. 2015-ல் வெளியான லண்டன் ஆய்வில், அலர்ஜி வர வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கும் முதல் வயதுக்குள்ளேயே வேர்க்கடலை கொடுத்து வந்ததால், அந்த அலர்ஜி வெகுவாகக் குறைந்ததாகக் கண்டார்கள்.

ஓர் எச்சரிக்கை. மூச்சுத் திணறல், குரல் கம்முதல், இழுப்பு, குழந்தை துவண்டு போதல், இவற்றில் ஒன்று வந்தாலும் நோட்டுக்கு நேரமில்லை. நேரே எமர்ஜென்சி. "பால் சாப்பிட்டுப் பத்து நிமிஷம், மூச்சு திணறுகிறது, அலர்ஜி" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அதற்கு முதல் மருந்து தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. சந்தேகப்பட்ட பண்டத்தை "இப்போது சரியாகியிருக்கும்" என்று வீட்டிலேயே கொடுத்துப் பார்க்கவும் வேண்டாம்.

பேத்திக்கு இப்போது இரண்டரை வயது. இரண்டு மாதத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் வைத்து, சொட்டுச் சொட்டாக ஏற்றிப் பால் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றாவது அளவில் தடித்துவிட்டது. என் பெண் அன்று அழுதாள். "பெரும்பாலான குழந்தைகள் வளர வளர இதைத் தாண்டிவிடுவார்கள், அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றார் டாக்டர். அந்தத் தேதியும் நோட்டில் ஏறியிருக்கிறது.

தாயின் உள்ளுணர்வுக்கு டாக்டரிடம் ஐந்து நிமிஷம்தான் கிடைக்கும். அந்த ஐந்து நிமிஷத்துக்குள் அடங்கும்படி அதை எழுதிக்கொண்டு போங்கள். குழந்தைகள் எல்லோரும் தீர்க்காயுசாக இருக்கட்டும்.