ஏற்றமும் இறக்கமும்



'டவுன்லோடு' என்னும் ஆங்கிலச் சொல்லை ஜெர்மானியர் தம் வினைகொண்டே 'ஹெருண்டர்லாடன்' எனப் பெயர்த்தனர். ஆயினும் ஆங்கில வினைக்கே தம் விகுதியைப் பூட்டி, 'டவுன்லோடன்' என்பாரும் அங்குளர். நாமோ 'டவுன்லோடு பண்ணினேன்' என்கிறோம். அதில் 'பண்ணு' மட்டுமே நம் பங்கு! 'பதிவிறக்கம்' ஏட்டில் உறங்குகிறது. அச்சொல் பிழையன்று, நீளம். நம் சந்தையில் புளிமூட்டை சுமப்போர் 'ஏத்து', 'இறக்கு' என்னும் இரண்டே சொற்களில் நாள்முழுதும் வேலை முடிக்கின்றனர். 'கோப்பை இறக்கு' என்றால் தேநீர்க் கோப்பையோ என நகைப்பீர்கள். நகையுங்கள், வழக்கில் பழகிவிடும். சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி தந்த 'இணையம்' நிலைத்தது. 'இணை' நம் நாவில் முன்பே இருந்த வினையல்லவா? 1999இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாடு விசைப்பலகைக்கு வழிவகுத்தது. சொற்களுக்கு வழிவகுக்க வேண்டியோர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். அடுத்த அமர்வுக்குக் கவிதையோடு, சுமைதூக்குவோரிடம் கேட்ட ஐந்து வினைகளையும் கொண்டுவர வேண்டுகிறேன்.