நெட்டுருவும் அறிவும்



நெட்டுருப் போடுதல் நல்லதா, தீயதா என்னும் கேள்வி ஆசிரியர் உலகில் பழமையானது. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் அதனைப் பழிக்கக் கற்றோம். வகுப்பறைக்கு வந்த பின்னரோ, வாய்பாடு ஒப்பிக்காத பிள்ளையைப் பெஞ்சின்மேல் ஏற்றினோம். அண்மையில் இவ்வழக்கு உத்திரமேரூரில் என் வீட்டுத் திண்ணைக்கே வந்து சேர்ந்தது.

என் பேரன் விமானி உரிமம் பெற அமெரிக்கத் தேர்வுக்குப் படிக்கின்றான். பகலில் கண்பார்வையைக் கொண்டு ஓட்டும் விமானத்தில் இருந்தே தீரவேண்டிய கருவிகளையும் சாதனங்களையும் அந்நாட்டு விதி 91.205 வகுத்துரைக்கின்றது. அவற்றை மறவாதிருக்க மாணவர்கள் 'எ டொமேட்டோ ஃபிளேம்ஸ்' என்றொரு தொடர் கட்டியுள்ளனர். தக்காளி தீப்பற்றி எரிகின்றது போலும்! அதன் 13 எழுத்துகளில் உயரமானி, இயந்திரச் சுழற்சிமானி, காற்றுவேகமானி, காந்தத் திசைகாட்டி முதல் இருக்கை வார் வரை அடங்கிவிடும்.

பையன் மூச்சுவிடாமல் ஒப்பித்தான். "கண்ணா, எண்ணெயின் அழுத்தத்திற்கு ஒரு கருவி, வெப்பத்திற்கு மற்றொன்று என்றாயே, ஒரே எண்ணெய்க்கு இரண்டு எதற்கு?" என்றேன். விழித்தான்.

மறுநாட் காலை அவனே வந்தான். "தாத்தா, அழுத்தம் குறைந்து, வெப்பமும் ஏறினால் இயந்திரத்துக்கு ஆபத்து. அழுத்தம் மட்டும் குறைந்து, வெப்பம் மாறாதிருந்தால் கருவியே பழுதாயிருக்கலாம். எப்படியாயினும் அருகிலுள்ள நிலையத்தில் இறங்கிவிட வேண்டும்" என்றான். ஒரு சாட்சியை மற்றொரு சாட்சியால் சோதிக்கும் நியாயம் அவனுக்குப் புரிந்துவிட்டது.

இது விளையாட்டன்று. 1978 ஜனவரி 1 அன்று இரவு, பம்பாயிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் பெருவிமானத்தில், விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவி தலைமை விமானியின் முன்னே பிழைபட்டது. இருண்ட கடலின்மேல் தொடுவானமும் துணை செய்யவில்லை. மற்றக் கருவிகளைக்கொண்டு நிலையை உணர்ந்து விமானத்தை மீட்கத் தவறினர் என்று விசாரணை கண்டது. 213 பேரும் மாண்டனர். அக்கருவி என் பேரனின் பகற்பட்டியலில் இல்லை. பாடம் மட்டும் ஒன்றே.

ஆகவே நெட்டுரு வேண்டாமென்பேனா? சொல்லேன். ஆபத்து வேளையில் புத்தகத்தைப் புரட்ட நேரமிராது. நாவில் நிற்பதுதான் கைகொடுக்கும். ஆனால் பெயர் நாவில் நின்றால் போதாது. அதன் பொருள் நெஞ்சில் நிற்கவேண்டும்.

எங்களூர்க் கோயிற் சுவரில் கி.பி. 921-ஆம் ஆண்டளவில் பொறித்த பராந்தக சோழனின் சாசனம் உண்டு. சபை உறுப்பினராகத் தகுதியுடையவர் வேதப்பகுதியைக் கற்றவராயிருந்தால் மட்டும் போதாது. பிறருக்கு ஓதுவித்து அறிந்தவராகவும் இருக்கவேண்டும் என்கின்றது அது. பிறருக்கு விளக்க வல்லவனே அறிந்தவன் என்பது ஆயிரமாண்டுக்கு முந்திய தேர்வு விதி.

இப்பொழுது பேரன் நாள்தோறும் ஒரு கருவியை எனக்குப் பாடம் நடத்துகின்றான், நான் மாணாக்கன். அவன் தனியே வானேறும் நாளில், கேள்வி கேட்க நான் அருகிலிரேன். அக்கேள்விகளை அவனே கேட்டுக்கொள்ளப் பழகிவிட்டால், இக்கிழவனின் நெஞ்சு ஆறுதலடையும்.