மலையேறிய இரசம்

கடித இலக்கியம் என்றதும் விஞ்ஞானிகளின் கடிதங்கள் நம் நினைவுக்கு வருவதில்லை. பிரான்ஸ் நாட்டின் புளோரன் பெரியே 1648ஆம் ஆண்டு தம் மைத்துனருக்கு எழுதிய கடிதம் ஒன்றை இன்று எடுத்துக்கொள்கிறேன். அந்த மைத்துனர்தான் பிளேஸ் பஸ்கால். அப்போது வயது 25.

கண்ணாடிக் குழாயில் இரசத்தை நிரப்பி, இரசத் தொட்டியொன்றில் தலைகீழாக நிறுத்தினால் இரசம் முழுவதும் இறங்கிவிடாது. ஓர் உயரத்தில் நின்றுவிடும். அதைத் தாங்குவது எது? இயற்கை வெற்றிடத்தை வெறுக்கிறது என்பது பழைய விடை. வெளிக்காற்றின் பாரமே என்று 1644இல் எழுதினார் இத்தாலியரான தொரிசெல்லி. பஸ்கால் ஒரு படி மேலே போனார். மலையுச்சியின் மேலுள்ள காற்றுக் குறைவு. ஆகவே அங்கே இரசம் தாழ்ந்து நிற்கவேண்டும். இயற்கையின் வெறுப்பு மட்டும் அடிவாரத்தில் கூடி உச்சியில் குறையுமா என்ன?

பஸ்கால் இருந்ததோ பாரிசில், நோயாளி வேறு. தமக்கையின் கணவர் பெரியேயின் ஊரான கிளெர்மோனுக்கு அருகில் 1465 மீற்றர் உயரமான புய் த டோம் மலை இருந்தது. 1647 நவம்பரில் அவருக்கு எழுதினார். மழையும் முகிலும் வேலைகளுமாகப் பத்து மாதங்கள் கழிந்தன.

1648 செப்டெம்பர் 19 காலை உச்சி தெளிவாகத் தெரிந்தது. துறவிகள், நீதிமன்றத்தார், வைத்தியர் எனச் சிலர் மடத்துத் தோட்டமொன்றில் கூடினர். இரண்டு குழாய்களிலும் இரசம் நம் அளவில் 71.2 சென்ரிமீற்றரில் நின்றது. ஒன்றை அங்கேயே விட்டு, ஷஸ்தான் என்ற துறவியைக் காவல் வைத்து, மற்றதுடன் மலையேறினர். உச்சியில் 62.7! வியந்துபோனதாக எழுதும் பெரியே, உடனே மீண்டும் அளக்கப் போய்விடுகிறார். சிறு கோவிலின் உள்ளே, வெளியே, காற்றில், மழையில் என ஐந்து தடவை. எல்லாம் ஒரே அளவு. அலங்காரமற்ற இந்த நடைக்காகவே உயர்தர வகுப்பு மாணவருக்கு இக்கடிதத்தைச் சொல்வதுண்டு.

ஆனால் என் மனதில் நிற்பவர் அந்த ஷஸ்தான்தான். மலையையும் காணாமல், வியப்பையும் காணாமல், நாள் முழுவதும் ஒரு குழாயைப் பார்த்திருந்தார். அவர் இல்லாவிட்டால், வானிலை மாறியதால் இரசம் இறங்கியது என்று எவரும் வாதாடியிருக்கலாம். மாலையில் திரும்பியவர்களிடம் அவர் சொன்னது, இரசம் அசையவேயில்லை என்பதுதான்.

மறுநாள் பெரியே நகரத்துத் தேவாலயக் கோபுரத்திலும் குழாயோடு ஏறினார். அந்தச் சிறு உயரத்துக்கும் இரசம் ஏறக்குறைய 4.5 மில்லிமீற்றர் இறங்கியிருந்தது.