தோளில் ஏறும் படகு

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் நிறைந்த பவுண்டரி வாட்டர்ஸ் என்னும் வனப் பிரதேசத்தில், தாயும் தந்தையும் குழந்தைகளுமாகக் கனூ என்ற மெல்லிய துடுப்புப் படகேறி, மீன் பிடித்துக்கொண்டே நாட்கணக்கில் சஞ்சரிக்கும் குடும்பங்களைக் கோடைக் காலத்தில் காணலாம்.

ஓர் ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் இடையே காடு குறுக்கிடும். அங்கே மனிதர்தாம் படகைச் சுமக்க வேண்டும். மாட்டின் கழுத்தில் நுகத்தடி அமர்வதுபோல, கவிழ்த்த படகின் நடுக்கட்டை தந்தையின் தோள்களில் அமர்கிறது. துடுப்பும் தூண்டிலும் குழந்தைகள் பொறுப்பு.

ஆகவே, எடைதான் அங்கே பிரதானம். எடுத்துச் செல்வதையெல்லாம் சுமந்தே தீர வேண்டும்.

உணவும் பானமும் அடைத்த தகர டப்பாக்களுக்கும் கண்ணாடிப் புட்டிகளுக்கும் அங்கே அனுமதி இல்லை. இந்த விதியை நான் மனமார வரவேற்கிறேன். உடைந்த புட்டி ஒன்று ஏரிக்கரையில் கிடந்தால், வெறுங்காலுடன் நீரில் இறங்கும் குழந்தைக்கு எத்தனை அபாயம்!

உலர்ந்த தானியமும் பருப்பும் பைகளில் போகும். மீன் அகப்பட்டால் அன்றைக்கு விருந்து. அகப்படாவிட்டாலும் பட்டினி இல்லை.

இத்தகைய யாத்திரைக்குப் புறப்படுகிறவர்கள், முந்தின நாளே, அவரவர் மூட்டையை அவரவர் முதுகில் ஏற்றி, வீட்டைச் சுற்றி நடந்து பார்ப்பது உத்தமம். கனத்தால், அப்பொழுதே பிரித்துக் குறைத்துவிடலாம்.