விடை சொல்லாமல் விட்ட கேள்வி

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



நான் திருவொற்றியூர்ப் பகுதி அரசுப் பள்ளி ஒன்றில் அறிவியல் கற்பிக்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு ரயில் புதிதல்ல. சரக்கு ரயிலுக்காக கேட்டில் நின்றுவிட்டுத் தாமதமாக வகுப்புக்கு வருபவர்கள் உண்டு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று புறப்பட்ட ராயபுரமும் பக்கத்தில்தான். அதனால் நீராவி எஞ்சின் பாடத்தை ராயபுரத்திலிருந்தே தொடங்குவேன்.

சில ஆண்டுகளுக்கு முன், கரும்பலகையில் சிலிண்டரும் பிஸ்டனும் வரைந்து, "தள்ளி முடித்த நீராவி புகைபோக்கி வழியே வெளியேறும்" என்றேன். கடைசி வரிசை மாணவன் எழுந்தான். "சார், வெளிய போற ஆவிக்கு இன்னும் பலம் இருக்குமே? அதை இன்னொரு தடவ தள்ள வைக்கக் கூடாதா?"

"பாடத்தில் உள்ளதைக் கேள்" என்று உட்கார வைத்தேன். உண்மையில் எனக்கு விடை தெரியாது. அதன்பின் அவன் வகுப்பில் கேள்வி கேட்கவே இல்லை.

பிறகு ஒருமுறை குடும்பத்துடன் உதகை மலை ரயிலில் போனேன். எஞ்சினின் பக்கவாட்டில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சிலிண்டர்கள். விசாரித்தேன், வந்து படித்தேன். கல்லாறு–குன்னூர் இடையே 12.5 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற அளவுக்கு ஏற்றம். அங்கே கீழ்ச் சிலிண்டரில் வேலை செய்த நீராவி மேல் சிலிண்டருக்குப் போய், தண்டவாளங்களின் நடுவே உள்ள பற்சட்டத்தைப் பிடித்து ஏறும் பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. மாணவன் கேட்டது அதுதான்!

இதற்குக் கூட்டு நீராவி எஞ்சின் என்று பெயர். 1876இல் பிரான்சில் அனத்தோல் மாலே இதை ரயிலில் பயன்படுத்திக் காட்டினார். 1880இல் ஜெர்மனியில் ஆகஸ்ட் ஃபான் போரிஸ் இரண்டு சிலிண்டர் எஞ்சினை உருவாக்கினார். பிரஷ்ய ரயில்வேயின் சரக்கு எஞ்சின்களிலும் இம்முறை பரவியது. நாள் முழுவதும் பாரம் இழுக்கும் எஞ்சினுக்கு நிலக்கரிச் சிக்கனம் பெரிய விஷயமல்லவா?

போரிஸின் எஞ்சினில் ஒரு சிலிண்டர் சிறியது, மற்றது பெரியது. ஏன்? முதல் சிலிண்டரில் விரிவடைந்த நீராவியின் அழுத்தம் குறைந்துவிடும். விசை என்பது அழுத்தம் பெருக்கல் பரப்பு. அழுத்தம் குறைந்தால் பரப்பைக் கூட்ட வேண்டும். நம் பாடப்புத்தகச் சூத்திரம்தான்! ஊசி நீக்கிய சிறிய, பெரிய சிரிஞ்சுகளைத் தண்ணீர் நிரப்பிய குழாயால் இணைத்து, இருவரை ஆளுக்கொரு பக்கம் அழுத்தச் சொல்லுங்கள். பெரியதைப் பிடித்திருப்பவருக்குத்தான் கை வலிக்கும்.

அதற்குள் அந்த மாணவன் பத்தாம் வகுப்பு முடித்துப் போய்விட்டான். இப்போது எண்ணூர்ப் பக்கம் வேலையில் இருக்கிறான். எங்கள் பள்ளியில் படிக்கும் அவன் தங்கையிடம் படம் வரைந்து, விளக்கம் எழுதிக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் அவள் சொன்னாள்: "அண்ணன் ரொம்ப நேரம் பாத்துச்சு சார். 'அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல'ன்னு கேட்டுச்சு."

அன்று "தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்" என்றாவது சொல்லியிருக்கலாம். இப்போது என் பாடக்குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் விடை தெரியாத கேள்விகளை, கேட்டவர் பெயரோடு எழுதி வைக்கிறேன். இன்றைக்கு அதில் நான்கு பாக்கி இருக்கிறது. அவற்றில் இரண்டு வேதியியல். இங்கே வேதியியல் ஆசிரியர்கள் இருந்தால், தேநீர் இடைவேளையில் எனக்குக் கொஞ்சம் உதவுங்கள்.