ஆலைப் பிள்ளைகளும் பள்ளிக்கூடமும்

(சாமல்பட்டியில் செய்த சொற்பொழிவு)



ஆலைத் தொழிலாளியின் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எப்படி வந்தது என்பதைப்பற்றிப் பேசும்படி சொன்னீர்கள். அது எந்தச் சாமியின் கிருபையாலும் வந்ததல்ல. முதலாளிகள் மனமிரங்கி வந்ததும் மிகச் சொற்பமேயாகும்.

நம் நாட்டில் 1881-ம் வருஷத்துச் சட்டப்படி ஏழு வயதுக் குழந்தையை நாளொன்றுக்கு 9 மணி நேரம் ஆலையில் வேலை வாங்கலாம். குழந்தைகளைக் காப்பாற்ற வந்த சட்டமே இதுதான்! 1891-ல் அது 9 வயது, 7 மணி என்றாயிற்று. 1922-ல் 12 வயது, 6 மணி என்றாயிற்று. சென்னை பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைக்காரர்கள் தங்கள் ஆலைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் நடத்தினார்கள். நல்லதுதான். ஆனால் பாதிப்பொழுது பஞ்சுத்தூசியில் நின்ற பிள்ளைக்கு மீதிப்பொழுதில் எழுத்து எவ்வளவு ஏறும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே, சரஸ்வதி பூஜையே இல்லாத ஸ்காட்லாந்து தேசத்தில் ஓர் அதிசயம் நடந்தது. அங்கே கிளைடு ஆற்றங்கரையில் நியூ லானார்க் என்ற நூலாலை ஊர் இருக்கிறது. 1800-ல் ராபர்ட் ஓவன் அதன் நிர்வாகத்தை ஏற்றார். அவர் சேணம் தைப்பவர் மகன். சிறுவயதிலேயே படிப்பை விட்டுத் துணிக்கடை வேலைக்குப் போனவர். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளையை ஆலையில் சேர்ப்பதில்லை என்று நிறுத்தினார். 1816 ஜனவரி 1-ந் தேதி பள்ளிக்கூடம் திறந்தார். நடக்கத் தெரிந்த குழந்தைகளுக்கும் அங்கே இடமுண்டு. அவர்களுக்கு உபாத்தியாயர் யார் தெரியுமா? சரியாகப் படிக்கவும் தெரியாத புக்கானன் என்ற நெசவாளி ஒருவர். ஆலையில் வேலை செய்த 17 வயதுப் பெண் ஒருத்தி. பிள்ளைகளை அடிக்கக் கூடாது, கடுஞ்சொல் சொல்லக் கூடாது, புஸ்தகத்தைக் கொண்டு தொல்லைப்படுத்தக் கூடாது, இவைதான் ஓவன் இட்ட உத்தரவு. சுவரெல்லாம் மிருகங்களின் படமும் தேசப்படமும். பாட்டும் நடனமும் பாடத்தில் சேர்ந்தவை. ராத்திரியில் பெரியவர்களும் அங்கே வந்து படித்தார்கள்.

ஆலை நஷ்டப்பட்டதா? இல்லை, லாபமே வந்தது. பின் ஏன் சண்டை வந்தது? 1817-ல் லண்டன் கூட்டமொன்றில் ஓவன் எல்லா மதங்களும் தவறான அடிப்படையில் எழுந்தவை என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டார். கூட்டாளிகளில் பலர் பக்திமான்கள். வேதபாடம் வேண்டும், நடனம் கூடாதென்று நெருக்கினார்கள். 1824-ல் அவர்கள் இஷ்டம்போல் பள்ளி மாறிற்று. ஓவன் அமெரிக்காவுக்குப் போனார்.

அந்தப் பிள்ளைகளின் தகப்பனையும் தாயையும் ஒருவரும் கேட்கவில்லை, தோழர்களே! ஓவனும் கேட்டவரல்ல. கட்டடம் ஆலைக்காரருடையது, ஆகவே பாடமும் அவர்களுடையதாயிற்று.

நம் கதை இப்போது வேறு. 2009-ம் வருஷத்துக் கல்வியுரிமைச் சட்டப்படி, சர்க்கார் பள்ளிகளில் அமைக்கும் மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும். குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். "எனக்கு ஷிப்டு இருக்கிறது, படித்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று சும்மா இருந்தால், நோட்டில் கையெழுத்து மட்டும்தான் நம்முடையதாக இருக்கும். நாளைக் காலையில் தலைமையாசிரியரிடம் போய், அடுத்த கூட்டம் என்றைக்கு என்று கேளுங்கள். தாய்மார்களும் போங்கள். ஓசூர்ப் பக்கம் பிழைக்க வந்திருக்கும் வடநாட்டுத் தொழிலாளிகளின் பிள்ளைகள் எத்தனை பேர் இன்னும் சேராமல் தெருவில் நிற்கிறார்கள் என்று அங்குள்ள தோழர்கள் அந்தக் கூட்டங்களில் எழுந்து கேட்க வேண்டும்.