தீயின் இரண்டாம் தவணை

(நம் குடியிருப்போர் சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பி.காம். படித்து, வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். எரிதல் வேதியியலைப் பற்றி இவர் என்ன பேசப் போகிறார் என்று நினைப்பீர்கள். நம் வீட்டு அடுப்பும் கீசரும் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இர்வின் கிளாஸ்மன் என்ற பொறியியல் பேராசிரியர் இருந்தார். ராக்கெட் எரிபொருள், உலோகங்கள் எரியும் விதம், புகைக்கரி உண்டாவது என்று பலவற்றை ஆராய்ந்தவர். 2019இல் காலமானார். 'கம்பஷன்' என்ற அவருடைய பாடநூல் 1977இல் வந்தது. அதில் எடுத்தவுடன் சுடர் வராது. முதலில் எவ்வளவு வெப்பம் கிடைக்கும் என்ற கணக்கு, அடுத்து வினை எவ்வளவு வேகமாக நடக்கும் என்ற கணக்கு, அதற்குப் பிறகுதான் சுடர். பேரேடு எழுதிப் பழகிய எனக்கு இந்த வரிசை பிடித்துப்போயிற்று.

அவரும் அவருடைய மாணவர் டிரையரும் செய்த ஆய்வு ஒன்று 1973இல் வெளியானது. கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும் வினையை, சூடான வாயு வேகமாக ஓடும் குழாயின் நீளத்தில் விரித்துவைத்து, இடத்துக்கு இடம் வெப்பநிலையும் வாயு மாதிரியும் எடுத்தார்கள். எரிபொருள் முதலில் கார்பன் மோனாக்சைடாகிறது. அது கார்பன் டை ஆக்சைடாக மாறுவது கடைசியில்தான். அந்த மாற்றத்துக்கு ஹைட்ராக்சில் என்ற துகள் வேண்டும். எரிபொருள் மிச்சமிருக்கும்வரை அந்தத் துகளை அதுவே பிடித்துக்கொள்கிறது. மோனாக்சைடு வரிசையில் காத்து நிற்கிறது.

12 கிராம் கார்பன் மோனாக்சைடாகும்போது கிடைப்பது சுமார் 111 கிலோஜூல். அடுத்த படியில் கிடைப்பது 283. பெரிய தொகை இரண்டாம் தவணையில்தான் வருகிறது. காற்று போதாவிட்டாலோ, சுடர் பாதியில் குளிர்ந்துவிட்டாலோ அந்தத் தவணை வராது. வெப்பம் நஷ்டம், கூடவே விஷவாயு.

மூடிய குளியலறையில் கேஸ் கீசர் எரியும்போது இதுதான் நடக்கிறது. நேரம் ஆக ஆக ஆக்சிஜன் குறைகிறது, மோனாக்சைடு சேர்கிறது. கேஸ் கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும். இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே, கேஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் மாட்டுங்கள். அடுப்பு மஞ்சளாக எரிந்தால் பர்னரைச் சுத்தம் செய்யுங்கள். குளிக்கும்போது தலைவலி, மயக்கம் வந்தால் பித்தம் என்று சொல்லிப் படுத்துவிடாதீர்கள். உடனே வெளியே வந்து, டாக்டரைப் பாருங்கள்.

நிர்வாகக் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். கொசுவுக்கும் குளிருக்கும் பயந்து பல வீடுகளில் குளியலறை வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்திருக்கிறோம். மழைக்காலம் தொடங்கும் முன் பிளாக் வாரியாக ஒருமுறை பார்த்துவிடுவோம். ஏ பிளாக்குக்கு நான் வருகிறேன்.